இழந்த மூச்சு விலைக்கு வருமா?

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிறன்று, காலைத் திருப்பலி முடிந்து மேலப்புதூர்ப் பேராலயத்தின் முற்றத்தில் நாம் நின்றுகொண்டிருந்தபோது, திருவரங்கத்தில் குடியிருக்கும் இளைஞர் ஒருவர் நம்மை அணுகினார். கையில் வண்ணத் துண்டறிக்கை ஒன்று. முகத்தில் பல இரவுகள் உறங்காத களைப்பு. "ஐயா, இதைப் படித்துப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். அடுத்த வாரம் பத்திரம் எழுதுவதாக இருக்கிறோம்" என்றார்.

அவருடைய தந்தையாரை நாம் நெடுநாளாய் அறிவோம். பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் காவிரிப் பாலத்தை நடந்தே கடந்து, இக்கரையில் பேருந்து ஏறிப் பூசைக்கு வருவது அவர் வழக்கம். தண்ணீர் போகும் அழகைப் பார்த்துக்கொண்டே நடப்பது பாதிச் செபம் என்பார். ஆனால் பதினேழாம் வயதில் பற்றவைத்த பீடியை அவர் முற்றாக அணைக்கவே இல்லை. இன்று அவரால் குளியலறைக்குச் சென்று திரும்புவதற்குள் இருமுறை சுவரைப் பிடித்து நிற்காமல் முடிவதில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே விடியலை எதிர்நோக்குகிறார். பூசைக்கு வந்து ஓராண்டாகிறது.

துண்டறிக்கை தொலைவிலுள்ள ஒரு பெருநகரத்து மருத்துவ நிலையத்தினுடையது. நோயாளியின் கொழுப்பிலிருந்தே ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்து ஊசி வழியே செலுத்தினால், புகையினால் கெட்ட நுரையீரல் புதிதாய்த் தழைக்கும் என்றும், அறுவையின்றி ஒரே நாளில் வீடு திரும்பலாம் என்றும் அதில் அச்சிட்டிருந்தது. கட்டணம் எட்டு இலட்சம் ரூபாய். அதற்காக, இலால்குடிப் பக்கத்தில் தாய்வழியாக வந்த முப்பது சென்ட் நன்செய்யை விற்க அக்குடும்பம் முடிவு செய்திருந்தது.

உடனே விடை கூற நமக்குத் துணிவு வரவில்லை. சில நாள் தவணை கேட்டு, நுரையீரல் மருத்துவர்களைக் கலந்து, படிக்க வேண்டியவற்றைப் படித்த பின்னரே அவருடைய இல்லத்திற்குச் சென்றோம். அங்கே கூறியதை இப்பக்கத்தைப் படிக்கும் குடும்பங்கள் அனைத்துக்கும் கூறுவது நம் கடமை எனக் கருதுகிறோம். ஏனெனில் இத்தகைய துண்டறிக்கை நாளை எவர் வீட்டு வாசலுக்கும் வரக்கூடும்.

வரப்பழிந்த வயல்

நுரையீரலினுள் ஏறத்தாழ முப்பது கோடி நுண்ணிய காற்றறைகள் உள்ளன என்பர். அவற்றையெல்லாம் பிரித்து விரித்தால் எழுபது சதுர மீட்டர் பரப்பு வரும். நாம் உள்ளிழுக்கும் பிராணவாயு இவ்வறைகளின் மெல்லிய சுவரைக் கடந்தே இரத்தத்தில் கலக்கிறது. சுவர்களினூடே ஓடும் மீள்தன்மையுள்ள இழைகள், காற்று வெளியேறும்போது அறைகளைச் சுருக்கி உதவுகின்றன.

புகை இடைவிடாது உள்ளே செல்லும்போது, அதனை எதிர்க்க உடல் தன் காவல் அணுக்களை அனுப்புகின்றது. அவை சுரக்கும் நொதிகள் பகையை மட்டுமன்றி, வீட்டின் சுவரையும் சேர்த்தே அரித்துவிடுகின்றன. இழைகள் அறுகின்றன, சுவர்கள் கரைகின்றன, பல சிற்றறைகள் கூடி ஒரு வெற்றறை ஆகின்றன. அதே வேளையில் மூச்சுக் குழல்கள் வீங்கிச் சளி கட்டுகின்றன. இதனையே மருத்துவர்கள் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றும், சுருக்கமாகச் சி.ஓ.பி.டி. என்றும் அழைக்கின்றனர்.

காவிரிக் கரையில் வாழும் நமக்கு இதனை விளக்க வேறு உவமை வேண்டுவதில்லை. வரப்புகள் நிற்கும்வரை வயல் நீரைத் தாங்கும். பெருவெள்ளம் வரப்புகளையெல்லாம் கரைத்துச் சென்றபின், பத்து வயல்கள் கூடி ஒரே வெளியாகும். தண்ணீர் நிற்கும், ஆனால் பயிர் நிற்காது. புகையினால் கெட்ட நுரையீரலும் அவ்வாறே. உள்ளே காற்று உண்டு. அதனால் பயன் இல்லை. இந்நோயாளர்க்கு மூச்சை இழுப்பதைவிட விடுவதே பெரும்பாடு.

இந்நோய் அரிதானதன்று. 2016 ஆம் ஆண்டில் இந்தியாவில் ஐந்தரைக் கோடிப் பேருக்கு இது இருந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். புகையிலை மட்டுமே காரணமன்று. விறகடுப்புப் புகையில் வெந்த நம் தாய்மாரும், தூசியில் உழைத்த தொழிலாளரும் இதற்கு ஆளாயினர். ஆயினும் புகைப்பழக்கமே முதன்மையான காரணங்களுள் ஒன்று. நம் நகருக்கு இதில் ஒரு பழைய தொடர்பும் உண்டு. திண்டுக்கல் பக்கத்துப் புகையிலையைக் கொண்டு உறையூரில் சுற்றிய சுருட்டு, 'திருச்சிராப்பள்ளிச் சுருட்டு' என்ற பெயரில் கடல் கடந்து சென்றது. 1887 இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, கொலையாளியைக் கண்டறியும் தடயங்களுள் ஒன்றாக அச்சுருட்டின் சாம்பல் வருகின்றது. நம் ஊரின் பெயர் உலகெங்கும் புகையாகவும் பரவியது என்பதை எண்ணுங்கால், பெருமையோடு சற்று வருத்தமும் கலக்கின்றது.

குருத்தணு என்பது யாது?

ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணு, வாழையின் குருத்தைப் போன்றது. தானும் பெருகும், தன்னிலிருந்து வேறு வகை அணுக்களையும் தோற்றுவிக்கும். எலும்பு மஜ்ஜையிலுள்ள குருத்தணுக்களே நம் இரத்தம் முழுவதற்கும் ஊற்று. இதனைக் கனடா நாட்டின் டில், மெக்கல்லக் என்னும் இருவர் 1960களின் தொடக்கத்தில் எலிகளில் செய்த சோதனைகளால் மெய்ப்பித்தனர். மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையை வளர்த்த அமெரிக்க மருத்துவர் டொனால் தாமசுக்கு 1990 இல் நோபல் பரிசு கிட்டியது. நம் நாட்டில் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1983 இலும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1986 இலும் இச்சிகிச்சையைத் தொடங்கின. இரத்தப் புற்றுநோயாலும் தலசீமியாவாலும் மடிய வேண்டிய பலர் அதனால் பிழைத்து இன்று நம்மிடையே வாழ்கின்றனர். ஆகவே குருத்தணுச் சிகிச்சை என்பதே பொய் என்று எவரும் கூறலாகாது.

ஆனால் ஒன்றில் மெய்யானது எல்லாவற்றிலும் மெய்யாகிவிடாது. மஜ்ஜையின் குருத்தணு இரத்தத்தை உண்டாக்குவதற்கென்றே அமைந்தது. நரம்பு வழியே செலுத்தினாலும் தன் இல்லமாகிய எலும்பினுள் சென்று குடியேறும் இயல்புடையது. அங்கே வரப்புகள் நிற்கின்றன, விதைநெல் போதும். நுரையீரலிலோ வரப்பே இல்லை. வெறும் வெளியில் எத்துணைச் சிறந்த விதைநெல்லைத் தூவினாலும், வரப்பைத் தானே கட்டிக்கொள் என்று நெல்லைக் கேட்க முடியுமா?

கொழுப்பிலிருந்தோ மஜ்ஜையிலிருந்தோ எடுத்து இரத்தக் குழாயில் ஏற்றும் 'மீசன்கைமல்' வகை அணுக்கள், முதலில் நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்குகின்றன என்பது உண்மையே. துண்டறிக்கைகள் இதனையே பெரிதாய்ச் சொல்லும். அவற்றுள் பெரும்பாலானவை சில நாள்களுக்குள் மறைந்துவிடுகின்றன என்பதையோ, அவை நுரையீரல் திசுவாக மாறுவதில்லை என்பதையோ அவை சொல்வதில்லை. அவ்வணுக்கள் சுரக்கும் பொருள்கள் அழற்சியைத் தணிக்கக்கூடும் என்பதே ஆய்வாளரின் எதிர்பார்ப்பு.

ஆய்வுகள் கூறுவது

அந்த எதிர்பார்ப்பு முறைப்படி சோதிக்கப்பட்டது. அமெரிக்காவில் 2008 இல் தொடங்கிய ஓர் ஆய்வில் இந்நோயாளர் 62 பேர் கலந்துகொண்டனர். ஒரு பிரிவினருக்கு மீசன்கைமல் அணுக்களும், மறு பிரிவினருக்கு வெறும் மாற்று நீரும் மாதம் ஒருமுறையாக நான்கு முறை செலுத்தினர். எவருக்கு எது என்பது நோயாளருக்குத் தெரியாது. ஈராண்டுகள் அவர்களைக் கவனித்து, 2013 இல் முடிவை வெளியிட்டனர். சிகிச்சையால் தீங்கு நேரவில்லை. ஆனால் நுரையீரலின் திறனில் முன்னேற்றமும் இல்லை.

அதன்பின் சீன ஆய்வாளர்கள் வேறொரு வழியில் முயன்றனர். நோயாளியின் மூச்சுக் குழலிலிருந்தே அடிப்படை அணுக்களைத் தூரிகையால் எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, மீண்டும் நுரையீரலுக்குள் செலுத்தினர். 2024 இல் வெளிவந்த அவ்வாய்வின் முதற்கட்டத்தில் சிகிச்சை பெற்றவர் 17 பேர். ஒப்பீட்டுக்கு இருந்தவர் மூவரே. வாயுப் பரிமாற்றத்தில் முன்னேற்றம் தென்பட்டது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆயினும் இருபது பேரைக் கொண்ட ஆய்வு ஒரு வினாவை எழுப்பலாம், விடையாகிவிடாது. பெரிய ஆய்வுகளே அதனை உறுதி செய்ய வேண்டும்.

நேர்மைக்காக மற்றொன்றையும் கூறவேண்டும். புகைப்பவர்களைப் பெரிதும் பற்றும் 'பர்ஜர்' நோயில் கால்களின் இரத்தக் குழாய்கள் அடைபட்டு விரல்கள் அழுகும். அதற்காகப் பெங்களூர் நிறுவனமொன்று உருவாக்கிய குருத்தணு மருந்துக்கு 2016 இல் நம் நாட்டில் வரம்புக்குட்பட்ட அனுமதி கிடைத்தது. காலின் தசையில் ஊசியாய்ப் போடுவது அது. முறையான சோதனைகளின் வழியே வந்தது. அதனைக் காட்டி நுரையீரலுக்கும் அவ்வாறே ஆகும் என்று எவரேனும் சொன்னால், கால் வேறு, நுரையீரல் வேறு என்று விடை கூறுக.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் 2017 இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதில் தெளிவாய் உள்ளன. குறிப்பிட்ட இரத்த நோய்கள் முதலியவற்றுக்குச் செய்யும் மஜ்ஜைக் குருத்தணு மாற்று நீங்கலாக, எந்தக் குருத்தணுச் சிகிச்சையையும் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வின் எல்லைக்குள் மட்டுமே செய்யலாம். அவ்வெல்லைக்கு வெளியே செய்வது மருத்துவ அறத்துக்கு மாறானது.

எனவே எவரேனும் இத்தகைய சிகிச்சையைச் சொன்னால் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இது ஆய்வாயின், 2007 இல் அமைந்த இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இதன் பதிவெண் யாது? அறநெறிக் குழுவின் ஒப்புதலும், நாம் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய தமிழில் ஒப்புதல் படிவமும் எங்கே? இவ்விரண்டுக்கும் விடை கிடைத்தபின் மூன்றாவது வினா: இதற்குப் பணம் கேட்கிறீர்களா? மெய்யான ஆய்வில், சோதிக்கப்படும் சிகிச்சைக்காக நோயாளியிடம் கட்டணம் வாங்கமாட்டார்கள். எட்டு இலட்சம் கேட்கும் இடத்தில் நடப்பது ஆய்வன்று, வணிகம்.

"ஊசி போட்டபின் சுகமாயிருக்கிறது என்று பலர் சொல்கிறார்களே?" என்று இளைஞர் கேட்டார். இந்நோய் கூடியும் குறைந்தும் வருவது. மிகவும் வாடிய நாளில்தான் மனிதன் சிகிச்சையைத் தேடி ஓடுகிறான். அதன்பின் இயல்பாகவே சற்றுத் தேறுவான். பெருஞ்செலவு செய்த மனம் தேறியதாகவே நம்ப விரும்பும். ஒப்பீட்டுப் பிரிவு ஒன்றை வைத்து ஆய்வாளர்கள் சோதிப்பது இதனாலன்றோ?

திருச்சபையின் நெறி

"இது பாவமா ஐயா?" என்று அவ்வீட்டுத் தாயார் கேட்டார். பலர் மனத்திலும் இவ்வையம் உண்டு. திருச்சபை குருத்தணு ஆய்வை முற்றாக மறுப்பதாக எண்ணுவது பிழை. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், 2000 ஆகஸ்டு 29 அன்று உரோமையில் கூடிய உறுப்பு மாற்று மருத்துவர்களிடம் உரையாற்றியபோது, வளர்ந்த மனிதரிடமிருந்து பெறும் குருத்தணுக்களின் வழியையே ஆய்வு நாட வேண்டுமென்றார். 2008 இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட 'டிக்னிட்டாஸ் பெர்சோனே' என்னும் ஏடு, வளர்ந்தவரின் உடலிலிருந்தும் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்தும் பெறுவனவற்றை ஏற்கின்றது. கருவிலுள்ள உயிரை அழித்துப் பெறுவனவற்றை விலக்குகின்றது. அதே ஏடு, ஏற்கத்தக்க அணுக்களைப் பயன்படுத்தும்போதும் அறிவியல் கண்டிப்பும் விவேகமும் வேண்டும், நோயாளிக்கு நேரும் இடரை மிகக் குறைந்த அளவாக்க வேண்டும் என்று பணிக்கின்றது.

ஆகவே அந்தத் தாயாரிடம் நாம் சொன்னது இதுவே: "அணுவை எடுப்பதில் பாவமில்லை, அம்மா. மெய்ப்பிக்கப்படாததை மெய் என்று சொல்லி ஏழையின் நிலத்தை வாங்கிக்கொள்வதில்தான் பாவம் இருக்கிறது. அப்பாவம் உங்களுடையதன்று."

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் பெண்ணை நினைவுகூர்வோம். பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாட்டினால் வருந்தியவள். கையிலிருந்த உடைமையெல்லாம் மருத்துவத்துக்குக் கொடுத்தும் நலம் காணாதவள். நம் ஆண்டவர் அவளை ஏமாளி என்று இகழவில்லை. மகளே என்று அழைத்தார். துன்பத்தில் தவிக்கும் குடும்பம் கிட்டிய கொழுகொம்பைப் பற்றுவது இயல்பு. அதனை இகழ்வதற்கன்று, அக்கொம்பு தாங்குமா என்று முன்கூட்டிச் சொல்வதற்கே நாம் இருக்கிறோம்.

கைக்கெட்டும் மருந்து

அவ்வாறாயின் செய்வதற்கு ஒன்றுமே இல்லையா? உண்டு, அவை எட்டு இலட்சம் கேட்பவை அல்ல.

முதலாவது, புகையை விடுதல். இலண்டன் தொழிலாளரைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த ஃபிளெட்சர், பீட்டோ என்போர் 1977 இல் வெளியிட்ட முடிவு இன்றும் நிற்கின்றது. புகையை விட்டவனுக்கு இழந்த மூச்சு திரும்பி வராது. ஆனால் அன்று முதல் அவன் நுரையீரல் தேயும் வேகம், புகைக்காதவனுடையதைப் போலவே குறைந்துவிடும். எந்த வயதில் விட்டாலும் எஞ்சியது காக்கப்படும். தனியே விட இயலாதவர்க்குத் துணைபுரிய, 1800 112 356 என்ற கட்டணமில்லாத் தேசியத் தொலைபேசி எண் உள்ளது. வத்திக்கான் நகரிலும் 2018 முதல் சிகரெட் விற்பனையை நிறுத்துமாறு திருத்தந்தை பிரான்சிஸ் ஆணையிட்டார். மக்களின் உடல்நலத்தைக் கெடுக்கும் பொருளின் விற்பனையில் திருப்பீடம் பங்குகொள்ள முடியாது என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம்.

இரண்டாவது, மூச்சளவுச் சோதனை செய்து, குழல்களை விரிக்கும் உறிஞ்சு மருந்தை முறைப்படி எடுத்தல். பலர் இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்துகின்றனரேயன்றி, மருந்து உள்ளே செல்லும்படி இழுப்பதில்லை. மூன்றாவது, மருத்துவர் மேற்பார்வையில் மூச்சுப் பயிற்சியும் நடைப் பயிற்சியும். கெட்ட அறைகளை இவை மீட்கா. கால் தசைகளை வலுப்படுத்தி, உள்ள மூச்சைச் சிக்கனமாய்ச் செலவிடக் கற்பிக்கும். நான்காவது, சளிக்காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் எதிரான தடுப்பூசிகள். இரத்தத்தில் பிராணவாயு மிகவும் குறைந்தவர்க்கு, நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரமேனும் அதனைச் செலுத்துவது ஆயுளை நீட்டும் என்பதை 1980, 1981 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. தம் உயிரணுவைத் தாமே பெறுவதாய் மயங்கி எட்டு இலட்சம் இழப்பவர்கள், பலவேளை இவற்றுள் ஒன்றைக்கூட முறையாய்ப் பெற்றிருப்பதில்லை.

நாம் இவற்றையெல்லாம் கூறி முடித்தபோதுதான் ஓர் உண்மை வெளிப்பட்டது. நிலத்தை விற்கும் செய்தி தந்தையாருக்கே தெரியாது. சாய்ந்திருந்தவர் மெல்ல நிமிர்ந்தார். நான்கு சொல்லுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கியபடி, "நான் ஊதித் தள்ளியதற்கு... அவள் அம்மா வீட்டு நிலம்... ஏன் தம்பி போக வேண்டும்?" என்றார். "நிலம் கிடக்கட்டும், மனிதர் இருந்தால் போதும்" என்று தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருவர் சொன்னதும் அன்பு. இவ்வன்பைத்தான் அத்துண்டறிக்கை விலை பேசியது.

மறுவாரம் அவ்விளைஞர் பத்திர அலுவலகத்துக்குப் போகவில்லை. தந்தையாரைப் புத்தூர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். சோதனை நடந்தது, மருந்து மாறியது, இன்ஹேலரை இழுக்கும் முறையைச் செவிலியர் ஒருவர் மும்முறை செய்துகாட்டிக் கற்பித்தார். கடைசிப் பீடிக் கட்டைத் தந்தையார் தாமே மகனிடம் கொடுத்துவிட்டார் எனக் கேள்வியுற்றோம். நோய் தீரவில்லை, தீராது. இரவுகளில் இன்னும் தலையணைகள் அடுக்கப்படுகின்றன.

ஆயினும் சென்ற ஞாயிறு மாலை அவரைக் காவிரிப் பாலத்தின் தொடக்கத்தில் கண்டோம். மகனுடைய தோளைப் பற்றி, சில கம்பங்களின் தொலைவு நடந்து, நின்று, கைப்பிடிச் சுவரின் மேல் சாய்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்தைக் கடக்கவில்லை. திரும்பும்போது நம்மைக் கண்டு, "இன்றைக்கு இவ்வளவு செபம்தான்" என்று சொல்லிச் சிரித்தார்.

இலால்குடியில் அந்த முப்பது சென்ட் நிலத்தில் இவ்வாண்டும் நாற்று நடுவார்கள்.